ஆதகூர்க் கல்லில் ஒரு வேட்டைநாய்

சோழர் வரலாற்றை நடத்தும்போது தக்கோலப் போரை நாம் இரண்டு வரியில் கடந்துவிடுகிறோம். முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனை எதிர்த்து கி.பி. 949இல் போரிட்டான், யானை மேல் இருந்தபடியே உயிர் துறந்தான், சோழநாடு சில பத்தாண்டுகள் தளர்ந்தது. மாணவர்கள் இதை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு மாணவி எழுந்து கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில் ஒன்று, ஒரு நாய்க்காக நட்ட கல்லில் இருக்கிறது.

கர்நாடக மாநிலம் மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்றொரு ஊர். அங்குள்ள சல்லேசுவரர் கோயில் முன்பு நின்றிருந்த அந்தக் கல் இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. எழுத்து பழங்கன்னடம். கல்லின் மேற்பகுதியில் ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. தக்கோலப் போரைப் பற்றிய முதன்மையான சான்றுகளுள் ஒன்று இப்படி ஒரு நாயின் நினைவுக்கல்லாக வந்து சேர்ந்திருப்பதை வகுப்பில் சொன்னால், அதுவரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் இந்தக் கல்லை வைத்து நான் நடத்திய பாடங்களின் அனுபவத்தில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தொடக்கநிலை ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள இடம் உண்டு.

கல் சொல்லும் கதை

மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்தவன் கங்க நாட்டு அரசன் இரண்டாம் பூதுகன். கிருஷ்ணனின் சகோதரி ரேவகநிம்மடியை மணந்தவன் என்பதால் மைத்துனன் முறை. பூதுகனிடம் மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். தக்கோலப் போரில் மணலேரன் காட்டிய வீரத்தைக் கண்டு மகிழ்ந்த பூதுகன், 'வேண்டியதைக் கேள்' என்றான். நிலம் கேட்கலாம், பொன் கேட்கலாம், பட்டம் கேட்கலாம். அவன் கேட்டது பூதுகனின் வேட்டைநாயை. அதன் பெயர் காளி.

நாய் கிடைத்தது. கேளலெ நாட்டில் பேளத்தூர் என்னும் ஊருக்கு மேற்கே உள்ள குன்றில் ஒரு பெரிய பன்றி மீது அந்த நாயை ஏவினார்கள். நாயும் பன்றியும் சண்டையிட்டு இரண்டுமே இறந்தன. ஆதகூரில் கோயில் முன்பு காளிக்குக் கல் நட்டு, அந்தக் கல்லின் வழிபாட்டுக்கென்று நிலமும் விட்டார்கள். அந்த நிலத்தை அனுபவிக்கும் பூசகர், கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள்.

அதே கல்லில்தான் போர்ச் செய்தியும் இருக்கிறது. பூதுகன் இராசாதித்தனைக் கொன்றதும், அதற்கு மகிழ்ந்து கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம், பெள்வொல முந்நூறு முதலிய நாடுகளை வழங்கியதும், பூதுகன் தன் பங்குக்கு மணலேரனுக்கு ஆதகூர்ப் பன்னிரண்டு உள்ளிட்ட ஊர்களை அளித்ததும் வருகின்றன. வேட்டை நடந்தது வேறு இடத்தில் இருக்க, கல் ஏன் ஆதகூரில் நிற்கிறது என்பதற்கு விடை இதில் உள்ளது. இந்தக் கேள்வியை மாணவர்களிடம் விட்டுப் பாருங்கள். கதையை இரண்டு முறை கேட்டபின் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாது.

சோழர் தரப்பு எழுதிய செப்பேடுகளும் இராசாதித்தனின் சாவைச் சொல்கின்றன. அங்கே அவன் பகைவரின் அம்பு நெஞ்சில் பாய்ந்து, யானை மீதிருந்தே வீரசுவர்க்கம் புகுந்தவன். இங்கே அவன் பூதுகனால் கொல்லப்பட்டவன், அதற்குப் பரிசாக நாடுகள் கைமாறுகின்றன. தோற்றவர் வீட்டுச் சொல் ஒன்று, வென்றவர் வீட்டுச் சொல் ஒன்று. இரண்டும் ஒத்துப்போகும் இடம் எது, விலகும் இடம் எது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதச் சொன்னேன். யானை மேல் இறந்தான் என்பதில் மோதல் இல்லை. கொன்றது யார், எப்படி என்பதில்தான் வேறுபாடு. வரலாற்றுச் சான்றுகளை ஒப்பிடுதல் என்று ஆசிரியர் கையேடுகள் சொல்வதை இவ்வளவு எளிதாகச் செய்துகாட்ட வேறு எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு மெய்யெழுத்து செய்த வேலை

இந்தக் கல்லைப் படித்துப் பதிப்பித்தவர் ஜே.எஃப். ஃபிளீட். போரைச் சொல்லும் பகுதியில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து தெளிவாக இல்லை. 'கள்ளன்' என்ற சொல்லோடு தொடர்புபடுத்தி வாசித்தால், பூதுகன் இராசாதித்தனை வஞ்சகமாகக் கொன்றான் என்று பொருள் வருகிறது. முதலில் அப்படித்தான் கொண்டார்கள். 'களன்', அதாவது களம் என்று வாசித்தால், யானை மேலுள்ள அம்பாரியையே போர்க்களமாக்கிச் சண்டையிட்டான் என்று பொருள் மாறுகிறது. பிற்கால ஆய்வாளர்கள் ஏற்றது இந்த இரண்டாவது வாசிப்பைத்தான். கள்ளன், களன்: நடுவில் இருப்பது ஒற்று ஒன்றே. ஓர் அரசன் துரோகியாவதும் வீரனாவதும் அந்த ஒற்றில் தொங்கியது.

தமிழாசிரியர்கள் இதைத் தங்கள் வகுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். சந்திப்பிழையும் ஒற்றுப்பிழையும் பொருளை மாற்றும் என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை. இந்தக் கதையைக் கேட்டபின் நம்பினார்கள்.

மொழியைப் பற்றி இன்னொன்று. கன்னடக் கல்வெட்டு என்றதும் நமக்குப் புரியாது என்று மாணவர்கள் ஒதுங்குவார்கள். கரும்பலகையில் அந்தக் கல்லில் வரும் சில சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன்: நாய், பந்தி, பிரிய, படுவண. முதல் சொல்லுக்கு உதவியே வேண்டியதில்லை. 'பந்தி' பன்றி என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. 'நாங்க பேசுறது பன்னிதானே சார், பந்தின்னா பக்கத்துலதான் இருக்கு' என்றான் ஒருவன். 'பிரிய' என்பது பெரிய. 'படுவண' கொஞ்சம் நேரம் பிடித்தது. ஞாயிறு படும் திசை எது என்று கேட்டதும் மேற்கு என்று விடை வந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அண்டை மொழிக் கல்வெட்டில் நான்கு சொற்களை ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டுமல்ல, இராமநாதபுரத்துப் பிள்ளைகளும் படித்துவிட முடியும். திராவிட மொழிக்குடும்பப் பாடத்தில் வரும் அட்டவணைக்கு உயிர் கொடுக்க இது போதும்.

கணக்காசிரியருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கல்லில் உள்ள ஆண்டு சகம் 872, சௌமிய ஆண்டு. சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். 872ஐயும் 78ஐயும் கூட்டினால் 950 வருகிறது. பிறகு ஏன் போர் 949 என்கிறோம்? கல் சொல்வது நடந்துகொண்டிருக்கும் 872ஆவது ஆண்டை. முடிந்த ஆண்டுகள் 871. அதோடு 78ஐக் கூட்டினால் 949. சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. சௌமிய, அறுபது ஆண்டு வட்டத்தில் 43ஆவது ஆண்டு. நம் பஞ்சாங்கப்படி 1969-70 ஒரு சௌமிய ஆண்டு. அதிலிருந்து 17 வட்டம், அதாவது 1020 ஆண்டுகள் பின்னால் போனால் 949. விடை பொருந்தும்போது வகுப்பில் எழுந்த ஆரவாரம் பக்கத்து வகுப்பு ஆசிரியரை எட்டிப்பார்க்க வைத்தது.

நாய் ஏன் இறந்தது?

கதையில் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது போர் அல்ல. 'அவ்வளவு நல்ல நாய் ஒரு பன்றியிடம் எப்படிச் சார் சாகும்?' என்ற கேள்விதான். இதற்கு விடை விலங்கியலில் இருக்கிறது, அறிவியல் ஆசிரியரை வகுப்புக்கு அழைத்துவந்தேன்.

காட்டுப்பன்றியை ஊர்ப்பன்றியின் கருத்த உருவம் என்று நினைத்தால் தவறு. வளர்ந்த ஆண் நூறு கிலோவைத் தாண்டும். உடலின் முன்பாதிதான் கனம். கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் ஆணுக்குத் தோலும் அதன் அடித்திசுவும் கேடயம்போல் தடித்திருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது காக்க ஏற்பட்ட அமைப்பு அது, நாயின் பல்லும் அதில் எளிதில் இறங்காது. மேல், கீழ்த் தாடைகளின் கோரைப்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். வாயை அசைக்கும்போதெல்லாம் கீழ்ப்பல் மேற்பல்லில் உரசிக் கத்தி தீட்டியதுபோல் கூர்மையாகும். அருவாளைச் சாணைக்கல்லில் தீட்டுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை. பன்றிக்குக் கண் கூர்மை குறைவு, மோப்பம் மிக அதிகம். முடிந்தவரை ஓடித் தப்பவே பார்க்கும். ஓட வழியில்லாமல் போனால் பாறையோ புதரோ பின்பக்கம் இருக்கும்படி திரும்பி நிற்கும். அப்போது அதன் தாக்குதல் எப்போதும் கீழிருந்து மேல்நோக்கி, தலையைப் பக்கவாட்டில் வெட்டி இழுப்பதாக இருக்கும். நாயின் வயிறு, தொடை, தொண்டை எல்லாம் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கின்றன.

பெரிய நாய்களைக் கொண்டு பன்றி வேட்டையாடியவர்கள் உலகில் எந்தப் பகுதியில் இருந்தாலும் இந்தச் சிக்கலுக்கு ஒரே மாதிரியான வழியைத்தான் கண்டார்கள். வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். மோப்பம் பிடித்துத் தேடி, சுற்றி நின்று குரைத்துப் பன்றியை நகரவிடாமல் நிறுத்தும் நாய்கள் ஒரு வகை. இவை கடிக்கப் பாயாமல் எட்ட நிற்கும், அதனாலேயே பிழைக்கும். பன்றி நின்றபின் அவிழ்த்துவிடப்படும் கனத்த நாய்கள் இன்னொரு வகை. இவை காதையோ கன்னத்தையோ கவ்வி, ஆள் வந்து சேரும்வரை விடாமல் பிடிக்கும். ஐரோப்பாவில் பன்றி வேட்டைக்கென்றே வளர்த்த பெருநாய்களின் வழியில் வந்ததுதான் இன்று நாம் கிரேட் டேன் என்று சொல்லும் இனம். அர்ஜென்டினாவில் அன்டோனியோ நோரெஸ் மார்ட்டினெஸ் என்பவர் 1920களின் இறுதியில், காட்டுப்பன்றியை எதிர்கொள்ளவே பல இனங்களைக் கலந்து வெள்ளை நிறப் பெருநாய் ஒன்றை உருவாக்கினார். டோகோ அர்ஜென்டினோ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் தென்பகுதியில் இன்று இப்படி வேட்டைக்குப் போகும் நாய்களுக்குக் கெவ்லார் நாரில் செய்த மார்புக்கவசமும் அகன்ற கழுத்துப்பட்டையும் போடுகிறார்கள். ஆளின் கையில் இருக்கும் ஈட்டியிலும் அதே எச்சரிக்கை தெரியும். ஐரோப்பியப் பன்றி ஈட்டிகளில் முனைக்குச் சற்றுக் கீழே குறுக்குக்கட்டை இருக்கும். குத்துப்பட்ட பன்றி ஈட்டித் தண்டு வழியே ஏறிவந்து ஆளைத் தாக்காமல் தடுக்க அது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு செய்தியைச் சொல்கிறது: தனி நாய் ஒன்று பெரிய ஆண் பன்றியைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால், ஆள் வந்து சேரும் முன் நாய் செத்துப்போக வாய்ப்பு மிக அதிகம். காளி பெயர்பெற்றதும் விடாமல் பிடித்ததற்காக, இறந்ததும் அதே காரணத்தால். எட்ட நின்று குரைத்த நாய்களுக்கு எவரும் கல் நடவில்லை.

இந்த இடத்தில் அறிவியல் ஆசிரியர் நாயின் பற்கள் 42, பன்றியின் பற்கள் 44 என்று எழுதி, இரண்டின் கோரைப்பற்களையும் படம் வரைந்து ஒப்பிட்டார். ஊனுண்ணியின் கோரைப்பல் கவ்வவும் கிழிக்கவும் பயன்படுவது. பன்றியின் கோரைப்பல் தோண்டவும் சண்டையிடவும் பயன்படுவது. பல்லமைப்புப் பாடம் அன்றைக்கு வேறு எந்த நாளையும்விட நன்றாக மனத்தில் பதிந்தது என்று அவர் சொன்னார்.

தொடக்க வகுப்புகளில் இரத்தமும் சாவும் உள்ள பகுதியை இப்படி விரிக்க வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, போரில் வென்றவன் பொன்னை விட்டு நாயைக் கேட்டான் என்பதுவரை சொன்னாலே போதும். 'நீ என்ன கேட்டிருப்பாய்?' என்று கேட்டு ஐந்து வரி எழுதச் சொல்லலாம். நாயின் மோப்பம், காது கேட்கும் திறன் என்று புலன்களைப் பற்றிப் பேசலாம்.

நம் பக்கத்துக் கற்கள்

நாய்க்குக் கல்லில் இடம் கொடுத்தது ஆதகூர் மட்டுமல்ல. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தை தொடர்பான பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு நட்டது. அதில் அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் காத்ததாக வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஆதகூர்க் கல்லுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டு மூத்த கல் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு வேறுபாடு தோன்றுகிறது. கோவிவன் மந்தை காத்த நாய், உழைப்பாளி வீட்டு நாய். காளி அரசன் வீட்டு நாய், பரிசாகக் கைமாறிய நாய். இரண்டுக்கும் பெயர் நின்றிருக்கிறது. தக்கோலத்தில் இரண்டு பக்கமும் விழுந்த காலாட்களுள் எத்தனை பேருக்குப் பெயர் நின்றது என்று கேட்டால் வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியை நாம் உடனே பேசி நிரப்ப வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் பன்றியோடு போரிட்டு இறந்தவர்களுக்கு நட்ட கற்களும் இருக்கின்றன. 'பன்றிகுத்திப்பட்டான் கல்' என்று அவற்றைச் சொல்வார்கள். வயலைக் காக்கப் பன்றியை எதிர்த்துச் செத்தவனை ஊரே நினைவில் வைத்தது. பல ஊர்களில் நடுகல்லை வேடியப்பன் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறார்கள். கல்லில் எழுத்து இருப்பதைக் கும்பிடுகிறவர்களே கவனித்திருக்க மாட்டார்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசி எழுத்து மறைந்திருக்கும். மாணவர்களைக் கள ஆய்வுக்கு அழைத்துப் போகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்: எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லைச் சுரண்டவோ, சுண்ணாம்பு தடவவோ கூடாது. ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒளிப்படம் எடுத்தாலே பள்ளம் மேடு தெரியும். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்ற படிநிலைகளை முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டு அழைத்துப் போனால், ஊரில் இன்று நடக்கும் பூசையில் எதெல்லாம் மிச்சமிருக்கிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள். ஆதகூர்ப் பூசகருக்கு விட்ட நிலம் பெரும்படையின் தொடர்ச்சிதான் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அப்படிச் சொல்ல முடியுமா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். பதினொன்றாம் வகுப்பு மாணவி அவ்வளவு தூரம் யோசித்ததற்கு நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.

'எங்க ஊர்லயும் பிடிப்பாங்க சார்'

இந்தப் பாடத்தை எந்த ஊரில் நடத்தினாலும், காட்டோரப் பள்ளி என்றால், இந்த வாக்கியம் வந்தே தீரும். 'எங்க ஊர்லயும் நாய் விட்டுப் பன்னி பிடிப்பாங்க சார். எங்க சித்தப்பாகூடப் போவாரு.' அதுவரை வரலாறாக இருந்த பாடம் அந்த நொடியில் இன்றைய பாடமாகிவிடுகிறது. இதை எப்படிக் கையாள்கிறோம் என்பதுதான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி என்று கருதுகிறேன்.

அந்தப் பையனை வகுப்பு முன் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. யார், எப்போது, எங்கே என்று பெயர் கேட்டு விசாரிப்பதும் நம் வேலை அல்ல. ஒருமுறை அப்படிக் கேட்டுவிட்டால் அதன்பின் எந்தப் பிள்ளையும் தன் வீட்டுச் செய்தியை வகுப்பில் சொல்லாது. நான் சொன்னது இவ்வளவுதான்: 'உன் சித்தப்பா நாயைப் பற்றி உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அது எப்படி மோப்பம் பிடிக்கும், எப்படிச் சுற்றி நிற்கும் என்று சொல். வேட்டை இப்போது சட்டப்படி குற்றம் என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.' அவன் சொன்ன விவரங்கள், நாய் ஏன் காதைக் கவ்வுகிறது என்பது உட்பட, புத்தகத்தில் இருந்ததோடு அப்படியே பொருந்தின.

சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. முன்பு மூன்றாம் அட்டவணையில் இருந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இரண்டாம் அட்டவணையில் வருகிறது. கொல்வது மட்டும் வேட்டை என்று பலரும் நினைக்கிறார்கள். பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, அதற்கு முயல்வதுகூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். நாயை ஏவி விரட்டினாலும் அதே கணக்கு. அரசின் உரிய அலுவலர் அனுமதி தருவது இதற்கு ஒரு விதிவிலக்கு.

இத்துடன் நிறுத்தினால் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது அநியாயமாகப் படும். ஓர் இரவில் நிலக்கடலைக் காட்டையோ மரவள்ளியையோ பன்றிக் கூட்டம் உழுதுபோட்டதைக் காலையில் கண்ட பிள்ளை அது. 'அப்போ எங்க அப்பா என்ன சார் செய்யணும்?' என்று கேட்டால் அது நேர்மையான கேள்வி. பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. சேதமடைந்த வயலை ஒளிப்படம் எடுத்து, நில ஆவணங்களோடு வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவதையே தமிழ் வகுப்பில் கடிதப் பயிற்சியாகக் கொடுத்தோம். வழக்கமான 'விடுப்பு விண்ணப்பம்', 'தெருவிளக்கு விண்ணப்பம்' எழுதி அலுத்தவர்கள் இதை ஆர்வமாக எழுதினார்கள். இரண்டு பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி உண்மையிலேயே கொடுத்தார்கள். பணம் வந்ததா என்று கேட்டால், இழப்பீடு போதவில்லை, தாமதமாகிறது என்ற வருத்தம் ஊரில் இருக்கிறது. அதையும் மறைக்காமல் பேசினோம்.

பேசியே ஆக வேண்டிய இன்னொன்று, அவுட்டுக்காய். பன்றியைக் கொல்ல, பழத்திலோ தீனியிலோ வெடிமருந்தை மறைத்துக் காட்டோரத்தில் போட்டுவிடுகிறார்கள். பன்றி கடித்தால் வாய் சிதறும். மாடு கடித்தாலும், மேய்ச்சல் நாய் கடித்தாலும், யானை எடுத்தாலும் அதுவே நடக்கும். பிள்ளை பந்து என்று நினைத்துக் கையில் எடுத்தாலும் அதுவேதான். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுவதும் இதே வகை. பன்றிக்கு வைத்த கம்பியில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்கள் சிக்கி இறந்த செய்திகள் நாளிதழில் வந்துகொண்டேயிருக்கின்றன. விடுமுறைக்கு முந்தைய நாள் காட்டோரப் பள்ளிகளில் இறைவணக்கக் கூட்டத்தில் இதை ஐந்து நிமிடம் சொல்வது நல்லது: வயலோரம், காட்டோரம் கிடக்கும் உருண்டையான, நூல் சுற்றிய எந்தப் பொருளையும் தொடாதே, நாயை அதன் அருகே விடாதே, பெரியவர்களிடம் சொல், கம்பி வேலியைத் தொடாதே. பன்றியே எதிரில் வந்துவிட்டால் கல்லெறியாமல், அது ஓடும் வழியை மறிக்காமல், ஒதுங்கி மேடான இடத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். குட்டிகளோடு வரும் தாய்ப்பன்றி மிகவும் ஆபத்தானது. முதுகில் கோடு போட்ட குட்டி அழகாக இருக்கிறது என்று பிடிக்கப் போவது பிள்ளைகளின் இயல்பு.

விவாதத்துக்கு விட்ட கேள்வி

பாடத்தின் கடைசிப் பிரிவேளையில் ஒரே ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன்: 'காளிக்குக் கல் நட்டது நாயைப் பெருமைப்படுத்தவா, மணலேரனைப் பெருமைப்படுத்தவா?' வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. நாய்க்குத்தான் என்றவர்கள் நிலம் விட்டதையும், பூசை செய்யாமல் உண்ணக் கூடாது என்று எழுதியதையும் காட்டினார்கள். எசமானுக்குத்தான் என்றவர்கள், நாயின் கதைக்குள் மணலேரனின் போர் வீரமும் பூதுகனுக்குக் கிடைத்த நாடுகளும் எதற்கு என்று கேட்டார்கள். ஒரு மாணவி, 'பன்றி யார் பயிரையும் தின்றதாகக் கல்லில் இல்லையே. அப்புறம் ஏன் அதன் மேல் நாயை ஏவினார்கள்?' என்று கேட்டாள். அரசர் வேட்டை விளையாட்டு என்று நான் விடை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் பன்றிகுத்திப்பட்டான் கல்லுக்கும் ஆதகூர்க் கல்லுக்கும் உள்ள இடைவெளியை அந்தக் கேள்வியே தொட்டுவிட்டது. ஒன்றில் வயலைக் காக்க மனிதன் செத்தான். இன்னொன்றில் எசமான் ஏவியதால் நாய் செத்தது.

கட்டாயம் இரு தரப்பையும் ஒருமுறை இடம் மாற்றி உட்காரவைத்து, எதிர்த்தரப்புக்காகப் பேசச் சொல்லுங்கள். நாற்பது நிமிடம் போதாது. அடுத்தடுத்து இரண்டு பிரிவேளை கிடைக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. ஆதகூர்க் கல்லின் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, திறன்பலகை உள்ள பள்ளிகளில் பெரிதாக்கிக் காட்டலாம். இல்லாத பள்ளிகளில், நாயும் பன்றியும் மோதும் காட்சியை ஓவியம் வரையத் தெரிந்த மாணவரிடம் சார்ட் தாளில் வரையச் சொன்னால் ஆயிற்று. தென்னிந்திய வரைபடத்தில் தக்கோலம், மண்டியா, வனவாசி மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். தக்கோலம் இன்று இராணிப்பேட்டை மாவட்டத்தில், அரக்கோணத்துக்கு அருகில் இருக்கிறது. அந்தப் பகுதி ஆசிரியர்களுக்கு இந்தப் பாடம் உள்ளூர் வரலாறாகவே அமையும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆசிரியர்கள் தங்கள் மாவட்ட அருங்காட்சியகங்களில் உள்ள நடுகற்களிலிருந்து தொடங்கலாம். தேனி, விருதுநகர்ப் பக்கம் என்றால் கோம்பை நாயும் இராசபாளையம் நாயும் வகுப்பில் தானாகவே வந்துவிடும். 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் இராசபாளையம் நாயும் ஒன்று. அஞ்சல்தலை சேகரிக்கும் மாணவர் யாரிடமாவது அது இருந்தால் வாங்கி வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள்.